கீட்டோ உணவை வீட்டில் தாமாகத் தொடங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வலிப்பு பற்றி வந்த கட்டுரையின் கடைசியில், மருந்துக்குக் கட்டுப்படாத குழந்தைகளுக்கு, கொழுப்பை மிக அதிகமாகவும் மாவுச்சத்தை மிகக் குறைவாகவும் கொடுக்கும் கீட்டோ உணவும் பலன் தரும் என்று ஒரு வரி இருந்தது. உண்மைதான். என் மகளுக்கு அது பலன் தந்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு தாய் தன் பையனுக்குச் சோற்றை நிறுத்தி, முட்டையும் நெய்யுமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மாத்திரையையும் பாதியாக்கிவிட்டார். "பேலியோ மாதிரித்தானுங்க அக்கா? எங்க வீட்டுக்காரரு அதுலதான் எடையக் கொறச்சாரு" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை. வலிப்பு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் குறைத்தால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கீட்டோ தொடங்கினாலும் மாத்திரை தொடரும். பிறகு எதைக் குறைப்பது, எப்போது குறைப்பது என்பதெல்லாம் நரம்பியல் மருத்துவர் முடிவு.

இது எடை குறைக்கும் உணவு முறையும் அல்ல. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்று கண்டவர்கள், பட்டினி போடாமலேயே, சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும் அதே நிலைக்கு உடலைக் கொண்டுவர வழி தேடினார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் 1921-இல் வகுத்தது இது. வளரும் பிள்ளைக்கு வேண்டிய கலோரியும் புரதமும் குறையாமல், கலோரியில் ஏறக்குறைய 90 சதவீதம் கொழுப்பிலிருந்தே வர வேண்டும். கண்டிப்பான முறையில் 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்த்தே 1 கிராம்தான். இதைக் கண்ணளவில் செய்ய முடியாது.

எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறது. முட்டையை உடைத்து அடித்து எடை போட்டு, தேங்காய் எண்ணெயையும் எடை போட்டுத்தான் கிளறுகிறேன். தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் ரப்பர் கரண்டியால் வழித்து அவள் வாயில் கொடுத்தாக வேண்டும். அதுவும் கணக்கில் சேர்ந்தது. கொப்பரைக் களத்துக்குப் பேர் போன ஊர் எங்களுடையது, எண்ணெய்க்குக் குறைவில்லை. ஆனால் முதலில் கையில் கிடைத்த அட்டவணையில் இருந்தவை அவகேடோவும் ஆலிவ் எண்ணெயும் க்ரீமும். உணவியல் நிபுணர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து தேங்காய்ப்பால், வெண்ணெய், பன்னீர், சுரைக்காய், கீரை என்று நம் சாப்பாட்டில் அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் எங்களால் நடத்த முடிந்தது.

தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். சில குழந்தைகளின் உடலால் பிறவியிலேயே கொழுப்பை எரிக்க முடியாது. அவர்களுக்கு இந்த உணவே ஆபத்து. வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. மலச்சிக்கல், சிறுநீரகக் கல், ரத்தத்தில் கொழுப்பு கூடுவது, வளர்ச்சி குறைவது என்று பக்க விளைவுகளும் உண்டு. அதற்காகத்தான் வைட்டமின், கால்சியம் மாத்திரைகள், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டை, குறித்த இடைவெளியில் பரிசோதனை எல்லாம். இருமல் சிரப்பில்கூடச் சர்க்கரை இருக்கிறது. காய்ச்சலுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ட்ரிப் ஏற்றும் முன் கீட்டோவில் இருக்கும் பிள்ளை என்று சொல்லிவிடுகிறோம், வழக்கம்போல் குளுக்கோஸ் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக.

இவ்வளவு பாடுபட்டுப் பலன் என்ன? முன்பெல்லாம் என் மகள் நின்ற இடத்தில் வெட்டிய மரம்போல விழுவாள். தாடையில் தையல் தழும்பு இருக்கிறது. பள்ளிக்கும் ஹெல்மெட் போட்டு அனுப்பினோம். இப்போது விழுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது, அடியோடு நிற்கவில்லை. ஹெல்மெட் பரணில் கிடக்கிறது. "ஒரு வாய் சோறு தின்னா புள்ளைக்கு என்ன ஆயிரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார்தான் இன்று, நான் மில் ஷிஃப்டில் இருக்கும்போது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசு பார்க்கிறார். பொங்கலன்று மட்டும் எங்களுக்கு மனசு கேட்கவில்லை. அன்று வீட்டில் யாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கிடையாது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது கேட்கும் என்று சொல்ல மாட்டேன். லண்டனில் 145 குழந்தைகளை வைத்து நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதத்தில் இந்த உணவில் இருந்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. உணவை மாற்றாதவர்களில் 6 சதவீதத்தினருக்கே. டெல்லி மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொன்றையும் எடை போடத் தேவையில்லாத, மாவுச்சத்தை மட்டும் நாளுக்கு 10 கிராமுக்குள் கட்டுப்படுத்தும் தளர்த்தப்பட்ட முறையைப் பற்றியது. அதிலும் பாதிப் பேருக்குப் பலன் கிடைத்தது. வேலைக்குப் போகும் தாய்மாருக்கு அந்த முறை தோதுப்படும். அதற்கும் மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

என் வேண்டுகோள் இரண்டு. குழந்தை நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் உணவியல் நிபுணர் ஒருவரையும் கொண்டு இதைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்த உணவு முறையில் பயிற்சி பெற்ற உணவியல் நிபுணரை நியமித்து, நம் ஊர்ச் சாப்பாட்டுக்கான அட்டவணையைத் தமிழில் அச்சிட்டுத் தர சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும். இரண்டு மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்காத பிள்ளையை வைத்திருப்பவர்கள், "கீட்டோ என் பிள்ளைக்கு ஒத்துவருமா?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எங்கள் தெருவில் இருக்கும் அந்தப் பையனுக்கு மாத்திரை பழைய அளவிலேயே கொடுக்கலாமா என்று அன்றே அவன் டாக்டரைப் போனில் கேட்கச் சொன்னேன். வரும் வாரம் நரம்பியல் ஓ.பி.க்கு நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய் (பெயர் வெளியிட வேண்டாம்),
காங்கேயம்.