சேரின்ர கார்டும் 33 பைட்டும்

அன்பு மச்சான்,

சுகமா இருக்கிறியா. இஞ்ச எல்லாரும் சுகம், அம்மாவின்ர முழங்கால் நோ அப்பிடியேதான் இருக்கு, உங்கட வீட்டு கிணத்தடி மாமரம் இந்த வருசமும் காய்ச்சுக் கொட்டுது, பக்கத்து வீட்டு மாமிதான் பொறுக்கி ஊறுகாய் போடுறா. நீ போன் அடிச்ச நேரமெல்லாம் நான் எடுக்காதது கோவத்தில இல்லடா. எங்கட ரியூசன் சேர் காலமான கிழமை உன்னோட கதைச்சா அழுதிடுவன் எண்டு பயம், பிறகு இந்த கார்டு விசயம் நடந்திட்டுது, அதுக்குப் பிறகு வெக்கம். வாயால சொல்ல வரல, அதான் எழுதுறன்.

சேரின்ர 31ம் நாள் கிரியைக் கார்டு நான்தான் அடிச்சுத் தாறன் எண்டு சேரின்ர மனிசி ரீச்சரிட்ட கேட்டு வாங்கினன். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டிலயும். சேரிட்ட படிச்ச சிங்களப் பெடியள் எத்தினை பேர் வந்தவங்கள் எண்டு செத்தவீட்டில நிண்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். மூண்டு மொழி வேலை எண்டா என்ர கடையில ஒரு பழைய வருத்தம் இருக்கு. போன வருசம் ஒரு சங்கத்துக்கு கூட்ட நோட்டீஸ் அடிக்கேக்க கடைசி நேரத்தில திகதிய மாத்தச் சொன்னாங்கள், தமிழில மாத்தினன், இங்கிலீஷில மாத்தினன், சிங்களத்தில மறந்திட்டன். ரெண்டு நாளில ரெண்டு கூட்டம் சனம் வந்து நிண்டுது. அண்டைக்கே முடிவெடுத்தன், திகதி எண்டா ஒரு இடத்தில மட்டும்தான் எழுதோணும், மற்றதெல்லாம் அங்க இருந்து தானா வரோணும்.

நீ அப்ப சி ப்ரீப்ராசசர, அதான் ஒரு சொல்லுக்கு என்ன போடோணும் எண்டு ஒருக்கா சொல்லி வைச்சா சி மொழிக் கோடில அது வாற இடமெல்லாம் மாத்திப் போடுற சாமான, பாவிக்கச் சொன்னாய். ரியூசன் காலத்திலயே ரீச்சருக்கு லீவுக் கடிதத்தை ஹாஷ் டிஃபைன் (இந்தச் சொல்லுக்கு இதப் போடு எண்ட அதின்ர கட்டளை) போட்டு எழுதினவன்தானே நீ, உன்னட்ட கேட்டா வேற என்ன வரும். பாவிச்சுப் பார்த்தன் மச்சான், அது சி கோடுக்கெண்டே பிறந்த சாமான். ரெண்டு சாய்கோடு வந்தா கொமெண்ட் (ஆக்கள் வாசிக்கிறதுக்கு எழுதுற குறிப்பு) எண்டு நினைச்சு வெட்டும், அதால வெப் முகவரி எல்லாம் எச்டிடிபி முக்காற்புள்ளியோட நிண்டிடும். ஒத்தை மேற்கோள் வந்தா மூடின மற்ற மேற்கோள் எங்க எண்டு புறுபுறுக்கும். எல்லாத்திலயும் பெரிய அநியாயம், ஒரு இலவச லினக்ஸ் வகுப்புக்கு நோட்டீஸ் செய்தா இங்கிலீஷில சின்ன எழுத்தில இருந்த லினக்ஸ் எண்ட சொல்லு முழுக்க 1 எண்டு மாறி வந்துது. லினக்ஸ் மெசினில ஜிசிசி எண்ட சி கொம்பைலர் அந்தச் சொல்ல முதலே 1 எண்டு டிஃபைன் பண்ணி வைச்சிருக்காம், பிறகுதான் கண்டுபிடிச்சன்.

அதுக்குப் பிறகுதான் எம்4. அதுவும் ஒரு சொல்லுக்குப் பதிலா இன்னொண்டைப் போடுற புரோகிராம்தான், அப்பிடி மாத்துற சொல்லுக்கு மேக்ரோ எண்டு பேர். இதப்பத்தி எழுதத் தொடங்கினா நான் நிப்பாட்ட மாட்டன், பொறுத்துக்கொள். 1977இல கெர்னிகனும் ரிட்சியும் எழுதினது, அதுக்கும் முந்தின பாட்டன் 1965இல ஸ்ட்ரேச்சி எழுதின ஜிபிஎம். ஒரு மொழிக்கெண்டு இல்லாம எந்த எழுத்துக்கும் எண்டு செய்த சாமான். நீ ஒவ்வொரு நாளும் புரோகிராம் கட்ட முதல் கொன்ஃபிகர் ஓட விடுறியே, அந்த ஸ்கிரிப்ட ஓட்டோகொன்ஃப் எண்ட சாமான் செய்யிறதே எம்4 ஐ வைச்சுத்தான். உள்ள நடக்கிறது என்னெண்டா சேர் கரும்பலகைய தட்டித் தட்டிச் சொன்ன அதே பிரதியிடல்தான்டா. எக்ஸ் வாற இடமெல்லாம் பெறுமதியப் போடு, போட்ட பெறுமதிக்குள்ள இன்னொரு எக்ஸ் இருந்தா அதுக்கும் போடு, மிச்சம் இல்லாத வரைக்கும் போடு. எம்4 தான் மாத்தி எழுதினதையே திரும்பவும் முதலில இருந்து வாசிக்கும், அவ்வளவுதான் அதின்ர பலம். மேனுவல் வாசிக்கேக்க சேரின்ர குரல்தான் காதில கேட்டுது.

பிறகு அதின்ர டைவேர்ட் கட்டளை. நான் ஒரே ஃபைலில ஒவ்வொரு வசனத்தையும் மூண்டு மொழியிலயும் பக்கத்துப் பக்கத்தில எழுதுறன், அது வாடியில மீன் பிரிக்கிற மாதிரி சூரை ஒரு பெட்டி பாரை ஒரு பெட்டி எண்டு பிரிச்சுப் போட்டு கடைசியில பெட்டி பெட்டியா வெளிய விடும். திகதி ஒருக்கா மட்டும். அதின்ர மேற்கோள் குறிதான் முதல் கிழமை என்னை அழ வைச்சுது, இங்கிலீஷில வாற ஒத்தை மேற்கோளோட முட்டும், பிறகு ஓட்டோகொன்ஃப்காரர் மாதிரி சதுர அடைப்புக்கு மாத்தின பிறகு நிம்மதி. பெரிய பி ஒப்ஷன் போட்டா கட்டளை எல்லாத்துக்கும் முன்னால எம்4 எண்டு ஒட்டிக்கொள்ளும், சாதாரண இங்கிலீஷ் சொல்லோட முட்டாது. தமிழ் எழுத்து மேக்ரோ பேரா வராது எண்டதால தமிழ் வசனம் எல்லாம் ஒரு கீறலும் இல்லாம அப்பிடியே வெளிய வரும். நான் அதை நம்பினன். அங்கதான் விழுந்தன்.

கார்டில ஒரு வரி மட்டும் ஆளுக்கு ஆள் மாறோணும். ஊர்க்காரருக்கு "காலையிலேயே வீட்டுக்கு வந்து கிரியையில் கலந்துகொள்ளவும்", மட்டக்களப்பு கொழும்பில இருந்து வாறாக்களுக்கு "தூர இடங்களிலிருந்து வருவோர் முன்கூட்டியே அறியத்தரவும்". ஊர்ப் பேர் திருகோணமலையா எண்டு எம்4இன்ர இஃப்எல்ஸ் கட்டளைய வைச்சு ஒப்பிட்டுப் போட்டன். பத்துக் கார்டு எடுத்துப் பார்த்தன், சரி. மிச்சத்த அடிச்சு, கவர் ஒட்டி, பெடியள விட்டுக் குடுப்பிச்சிட்டன்.

மற்ற நாள் பின்னேரம் எங்கட திருகோணமலைத் திருக்கடலூர் ஐயா, சேருக்கு ஒவ்வொரு ஞாயிறும் மீன் கொண்டு வாறவர், அவர் கடைக்கு வந்தார். கார்ட கையில வைச்சுக்கொண்டு நிண்டார். "தம்பி, நாங்கள் தூரத்து ஆக்களோ?" எண்டு மட்டும் கேட்டார். ஏசினா தாங்கியிருப்பன் மச்சான்.

அண்டிரவு நித்திரை இல்லை. நான் அடிச்ச திருகோணமலையையும் ஊர்க்காரர் லிஸ்டில இருந்த திருகோணமலையையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தன், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. எழுத்த எண்ணச் சொல்லி எம்4 இட்ட குடுத்தன், ஒண்டுக்கு 30 எண்டுது, மற்றதுக்கு 33 எண்டுது. எங்கட கண்ணுக்கு ஆறு எழுத்து. எம்4 எழுத்த எண்ணாது, பைட்டத்தான் எண்ணும். யூடிஎஃப்8 எண்ட சேமிக்கிற முறையில தமிழ்த் துண்டு (க எண்ட எழுத்து ஒரு துண்டு, அதில ஒட்டுற குறி இன்னொரு துண்டு) ஒண்டுக்கு மூண்டு பைட், திருகோணமலையில பத்துத் துண்டு, அதால 30. மற்றதில எப்பிடி ஒரு துண்டு கூடினது?

"கோ"வில இருந்துதடா. யூனிகோடில ஓகாரக் குறிய ஒரே துண்டாவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியா வைச்சும் எழுதலாம், திரையில ரெண்டும் ஒண்டுதான். நான் டெம்ப்ளேட்டில அடிச்சது ஒரே துண்டு. ஊர்க்காரரின்ர லிஸ்ட் சேரின்ர பழைய ரியூசன் ஃபைல், யூனிகோடுக்கு மாறாத பாமினி எண்ட பழைய எழுத்துருவில இருந்தது. பாமினியில கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கிலதானே அடிப்பம், முதலில கொம்பு, பிறகு க, பிறகு கால். நான் பாவிச்ச கன்வேட்டர் கொம்ப மட்டும் தூக்கி க-வுக்குப் பின்னால வைச்சிட்டு காலோட சேர்க்காம விட்டிட்டுது. நான் சரி பார்த்த பத்துப் பேரும் புதுசா கையால அடிச்ச பேர்.

பைத்தான் மொழியில எழுதியிருக்கலாமே எண்டு நீ சொல்லுவாய், எனக்குத் தெரியும். அதிலயும் செய்து பார்த்தன். 10 எண்டும் 11 எண்டும் எண்ணிச்சுது, ரெண்டும் ஒண்டில்லை எண்டுதான் அதுவும் சொல்லிச்சுது. எம்4இல பிழை இல்லை மச்சான். உள்ள விட முதல் எழுத்த ஒழுங்காக்காதது என்ர பிழை. இப்ப எந்த ஃபைல் வந்தாலும் முதலில ஐசியு எண்ட யூனிகோட் தொகுப்பின்ர யூகான்வ் கட்டளையில என்எஃப்சி (பிரிஞ்ச குறியள ஒண்டாச் சேர்த்த வடிவம்) ஆக்கிப்போட்டுத்தான் எம்4க்கு குடுக்கிறன், ஒரு வரி வேலை, அந்த ஒரு வரி இல்லாமத்தான் 41 வீட்டுக்குப் பிழையான கார்டு போச்சு. அவ்வளவு வீட்டுக்கும் நானே சைக்கிளில போய் புதுக் கார்டு குடுத்தன். ஐயாவிட்டத்தான் முதலில போனன், தேத்தண்ணி தந்து இருத்தி சேரின்ர பழைய கதை ரெண்டு மணித்தியாலம் சொன்னார்.

ஆனா பயம் போகேல்ல. கடையில பதினைஞ்சு வருசத்து பாமினி ஃபைல் கிடக்கு, கலியாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் உபயகாரர் லிஸ்ட். கோபால், யோகன், சோதி, மோகனா எண்டு ஓகாரம் இல்லாத குடும்பம் ஒண்டு சொல்லு பாப்பம். நாளைக்கு ஆரும் அதில ஒரு பேரைத் தேடினா கண்ணுக்கு முன்னால இருந்தும் இல்லை எண்டு வரும். அதான் பழைய ஃபைல் முழுக்க மாத்தத் தொடங்கிட்டன், ஒரு நாளைக்கு ஒரு மாசத்து வேலை. பாமினி எழுத்து அட்டவணைய ஒருக்கா நீயும் இருந்து பாத்துத் தா, ஒண்டுக்கு ரெண்டு கண் வேணும்.

மற்றது நினைவு மலர். ரீச்சர் உன்னட்ட ஒரு பக்கம் கேக்கச் சொன்னா, அந்த லீவுக் கடிதக் கதையத்தான் எழுதோணுமாம், சேர் அதைப் பத்திரமா மடிச்சு வைச்சிருந்தவராம். வாற வெள்ளிக்குள்ள அனுப்பு, யூனிகோடில அடி, பாமினியில வந்தா திருப்பி அனுப்புவன்.

உன்ர மச்சான்