இருபது வயது மேனேஜர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது.

போனில் சலித்துக்கொண்டாய். யுனிவர்சிட்டி கிரிக்கெட் டீமில் வேன் பிடிப்பது, ரூம் போடுவது, பணம் வசூலிப்பது எல்லாம் உன் தலையில். ஜெயித்தால் போட்டோவில் மட்டும் நீ இல்லை என்றாய். போனில் நீளமாகப் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் அமெரிக்கா வந்திருந்தபோது நாஷ்வில்லிலிருந்து செவானிக்குக் கூட்டிப்போனாயே, மலைமேல் கல் கட்டடங்களோடு ஒரு காலேஜ். நீயும் அம்மாவும் சர்ச் பார்க்கப் போனீர்கள். நான் பழைய ரயில் பாதையைத் தேடிப் போனேன். நிலக்கரி இறக்குவதற்காக அடிவாரத்து ஊரான கௌவனிலிருந்து மலையேறிய லைன் அது. 'மௌண்டன் கோட்', அதாவது மலையாடு, என்று பெயர். இப்போது தண்டவாளத்தைப் பிடுங்கி நடைபாதையாக்கிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு அதைப் பார்க்க வயிறு எரியாதா? அங்கே ஆரம்பித்துத்தான் அந்தக் காலேஜின் 1899 ஃபுட்பால் சீசனைத் தேடிப் படித்தேன்.

நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற உங்கள் ஊர் ஃபுட்பால்தான். ஆனால் அன்றைக்கு ஆட்டம் வேறு மாதிரி. பந்தை முன்னால் எறியக் கூடாது. பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், அதற்கு 5 பாயிண்ட். இப்போது போடுகிற ஹெல்மெட் எல்லாம் கிடையாது. அடிபட்டு வெளியே போனால் திரும்ப வர முடியாது, அதனால் யாரும் லேசில் வெளியே போகமாட்டார்கள். செவானி கேப்டன் சீபெல்ஸ் டெக்சாஸ் யுனிவர்சிட்டியோடு நடந்த ஆட்டத்தில் தலை கிழிந்தும் ஆடியிருக்கிறார்.

அந்த டீமுக்கு லூக் லீ என்று ஒரு மாணவர் மேனேஜர். வயது 20. அந்த வருஷம் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டியோடு டிக்கெட் வசூலைப் பங்கு பிரிப்பதில் தகராறு வந்து அந்த ஆட்டமே நடக்கவில்லை. வசூல் வருகிற பெரிய ஆட்டமே அதுதான். பணத்துக்கு என்ன செய்வது? பையன் ரயில் டைம்டேபிளை விரித்து வைத்துக்கொண்டான்.

நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சாஸை 12-0 என்று ஜெயித்து, ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறி, மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 10-0. அடுத்த நாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை, அது சர்ச் காலேஜ் அல்லவா. கரும்புத் தோட்டம் ஒன்றைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். திங்கள் பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூவை 34-0, செவ்வாய் மெம்ஃபிஸில் மிசிசிப்பியை 12-0. ஆறே நாளில் ஐந்து ஆட்டம், எதிர்த்தரப்புக்கு ஒரு பாயிண்ட் கிடையாது. மொத்தப் பயணம் 2,500 மைல். நம் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து ஜம்முப் பக்கம் போகிற தூரத்தைவிட அதிகம், அதுவும் நீராவி இஞ்சினில்.

எனக்கு ஆட்டத்தைவிட அந்த ரயில் கணக்குதான் மலைப்பு. சுமார் இருபது பேர், மூட்டை முடிச்சு, ஊர் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டுவிடுமே என்று செவானி ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி ஏற்றியிருக்கிறார்கள். கிளம்பிய பிறகு பார்த்தால் ஆட்டக்காரர்களின் ஷூ மூட்டையைக் காணோம், பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். லீ தந்தி அடித்து, அடுத்த ரயிலில் ஏற்றச் சொல்லி, ஆட்டத்துக்கு முன் வரவழைத்தாராம். ஒரு கனெக்‌ஷன் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்த சீசனில் 12 ஆட்டம், பன்னிரண்டிலும் வெற்றி. மொத்தம் 322 பாயிண்ட் எடுத்து 10 கொடுத்தார்கள். அந்தப் பத்தும் ஆபர்ன் எடுத்தது. அதுவும் 11-10 என்று மயிரிழையில். ஆபர்ன் கோச் யார் தெரியுமா? சிறந்த காலேஜ் ஃபுட்பால் ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற கோப்பைக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதே ஹைஸ்மன்தான். அம்பயர் சரியில்லை என்று பேப்பருக்கு நீளமாக எழுதித் தள்ளினார். இன்று லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம் வைத்திருக்கிற டென்னசி யுனிவர்சிட்டியையும் அந்த வருஷம் 46-0 என்று நொறுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் காலம் மாறியது. 1932-இல் பெரிய காலேஜ்களோடு எஸ்.இ.சி. என்கிற தென்கிழக்குக் காலேஜ்களின் விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். கூட்டமைப்பு ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்காமல் 1940-இல் வெளியே வந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஸ்காலர்ஷிப் கொடுத்து ஆட்டக்காரர்களை இழுக்காமல், படிக்க வந்த பையன்களையே இன்றும் ஆடவிடுகிறார்கள்.

லூக் லீ 31 வயதில் அமெரிக்க செனட்டர் ஆனார். முதல் உலகப்போர் முடிந்ததும், ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மன் சக்கரவர்த்தி கைசரைத் தூக்கிவரப் போய், மாளிகைக்குள் நுழைந்தும் அவர் கிடைக்காமல் திரும்பினார்! பிறகு ஒரு வங்கி மோசடி வழக்கில் ஜெயிலுக்கும் போனார். இவ்வளவு புகழ்ந்துவிட்டு அதை மறைக்க மனம் வரவில்லை. நீ டைம்டேபிளோடு நிறுத்திக்கொள்.

யார் யார் வேன் பணம் கொடுத்தார்கள் என்பதைப் போனில் வைக்காதே, ஒரு நோட்டுப் போட்டு எழுது. கொடுக்காதவன் பெயரையும் எழுது. அடுத்த மேட்ச் எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று அனுப்பு. வழி போட்டுப் பார்க்கிறேன். அம்மா பருப்புப்பொடி அனுப்பட்டுமா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா