காட்சித் தொடர்பியல் பாடத்தில் பாரதத் திருவிழாவுக்கு இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே கதை அச்சிலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் எவ்வாறு உருமாறுகிறது என்பதை இன்று நம் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகள் கற்பிக்கின்றன. அது நல்ல மாற்றம். ஆனால் எடுத்துக்காட்டு என்று வரும்போது ஹாலிவுட் படங்களும் கணினி விளையாட்டுகளுமே முன்னால் வந்து நிற்கின்றன. விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களின் சிற்றூர்களில் மகாபாரதக் கதையைச் சொல்லியும் நடித்தும் நடைபெறும் திரௌபதி அம்மன் திருவிழாவை, அதாவது பாரதத் திருவிழாவை, இப்பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 2006இல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் ஊடகமும் தனக்குச் சிறப்பாக இயன்றதைச் செய்து கதைக்குத் தனித்த பங்கைத் தர வேண்டும் என்கிறார். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு பாரதத் திருவிழாவைப் பாருங்கள். பிற்பகலில் கோயில் பந்தலில் பாரதியார் எனப்படும் சொற்பொழிவாளர், வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதப் பாடல்களை இசையோடு பாடிப் பொருள் சொல்கிறார். கதையின் வரிசையும், யார் யாருக்கு என்ன உறவு என்பதும், எந்தச் சபதத்துக்கு எது காரணம் என்பதும் கேட்பவர் மனத்தில் அங்கேதான் பதிகின்றன. விழாவின் பிற்பகுதியில், இரவு தோறும் தெருக்கூத்து தொடங்குகிறது. பிரசங்கத்தில் சில பாடல்களில் கடந்துபோன ஒரு முடிச்சைக் கூத்து எடுத்துக்கொண்டு, விடியும்வரை விரித்துக் காட்டுகிறது. கதை முன்பே தெரியும் என்பதால், அடுத்து என்ன நடக்கும் என்று எவரும் காத்திருப்பதில்லை. துகிலுரிதலின்போது பாஞ்சாலி சபையோரைப் பார்த்து எழுப்பும் கேள்வியை இந்தக் கலைஞர் எப்படிப் பாடப்போகிறார் என்பதற்கே ஊர் விழித்திருக்கிறது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரனோ அத்தினபுரத்துச் செய்திகளுக்கு நடுவே உள்ளூர்ச் செய்திகளையும் நுழைத்துவிடுகிறான்.

மூன்றாவது ஊடகம் ஊரின் நிலப்பரப்பே. அருச்சுனன் தபசன்று நடப்பட்ட உயரமான கம்பத்தில் வேடமிட்ட கலைஞர் பாடிக்கொண்டே ஏறுகிறார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் திருநீற்றுக்கும் கீழே பக்தர்கள் கையேந்தி நிற்கிறார்கள். பதினெட்டாம் போர்க் கூத்து முடியும் காலையில் கதை மேடையை விட்டே வெளியேறுகிறது. திறந்த வெளியில் மண்ணால் செய்து கிடத்தப்பட்ட மாபெரும் துரியோதனன் உருவத்தின் மேலும் சுற்றிலும், இரவெல்லாம் ஆடிய அதே வீமனும் துரியோதனனும் போரிடுகிறார்கள். துரியோதனனின் தொடை பிளக்கப்பட்டு, திரௌபதி தன் சபதப்படி கூந்தல் முடிவது படுகளம் எனப்படும் இந்தத் திறந்த வெளியில்தான். பல இரவுகளாகப் பார்வையாளர்கள் சுமந்துவந்த சபதத்தை அவர்கள் கண்முன், அவர்கள் நிற்கும் மண்ணிலேயே நிறைவேற்றிவைக்க மேடையால் இயலாது என்பதைக் கூத்து மரபு நன்கு உணர்ந்திருக்கிறது. அன்று மாலை தீமிதியில் ஊராரே கதைக்குள் இறங்கிவிடுகிறார்கள்.

1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படமும், 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் 94 பகுதிகளாக ஒளிபரப்பான ‘மகாபாரத்’ தொடரும் தழுவல்கள். கதை முழுவதையோ தாம் தேர்ந்த பகுதியையோ ஒரே ஊடகத்தில் சொல்லி முடிப்பவை. அவற்றின் சிறப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. தழுவலுக்கும், பல ஊடகங்கள் கதையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர, இந்த இரண்டு வகைகளையும் அருகருகே வைத்துப் படிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அயல்நாட்டு அறிஞர்கள் இதன் அருமையை முன்பே கண்டுகொண்டார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சிப் பகுதியை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய தொகுதிகள் 1988இலும் 1991இலும் வந்தன; ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்தைப் பற்றி எழுதிய நூல் 1990இல் வந்தது. அவை சமய ஆய்வாகவும் நாடக ஆய்வாகவும் அமைந்தவை. கதை எந்த இடத்தில் பிரசங்கத்திலிருந்து கூத்துக்கும், கூத்திலிருந்து களத்துக்கும் கைமாறுகிறது என்று கவனித்து எழுதுவது ஊடகத் துறை மாணவர்களுக்கே உரிய பணி.

அதற்கு ஒருநாள் சுற்றுலா போதாது. கூத்து நடக்கும் ஓரிரவு மட்டும் வந்து, முகவீணை என்னும் ஊதுகருவியையும் கிரீடத்தையும் படம்பிடித்துச் செல்பவர்களுக்குக் கதையின் ஒரு துண்டுதான் கிடைக்கிறது. ஒரே ஊரில், கொடியேற்றம் முதல் தீமிதி வரை, மாணவர்கள் தங்கிப் பிரசங்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்வதைப் பருவத் தேர்வுக்குரிய களப்பணியாகவே பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். இது மக்களின் வழிபாடு என்பதால் ஊர்ப் பெரியவர்களிடமும் கலைஞர்களிடமும் முன்கூட்டியே இசைவு பெற வேண்டும். பதிவின் ஒரு படியைக் கூத்துக் குழுவுக்கும் கோயிலுக்கும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செய்யாறு.