கிளென்னைச் சுமந்த ராக்கெட் யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விண்வெளிப் பயணங்களின் தொடக்க காலம் குறித்து தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, புவியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கரான ஜான் கிளென் பயணம் செய்த ராக்கெட்டையும், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ராக்கெட் பொறியாளர் வெர்னர் வான் பிரவுனின் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. 1961-இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டைச் சுமந்த ரெட்ஸ்டோன் ராக்கெட்தான் வான் பிரவுன் குழுவினருடையது. 1962 பிப்ரவரி 20 அன்று கிளென்னைப் புவியின் சுற்றுப்பாதையில் செலுத்திய அட்லஸ், சான் டியாகோவின் கான்வேர் விமான நிறுவனத்தில் காரெல் போசார்ட் என்ற பெல்ஜியப் பொறியாளரின் தலைமையில் உருவானது.

ஆன்ட்வெர்ப் நகரில் 1904-இல் பிறந்த போசார்ட், பிரஸ்ஸல்ஸில் சுரங்கப் பொறியியல் படித்தபின், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் விமானப் பொறியியல் கற்று அந்நாட்டிலேயே தங்கிவிட்டவர். 1946-இல் ஏவுகணைத் திட்டம் ஒன்று கைக்கு வந்தபோது, இரண்டாம் உலகப் போரில் வான் பிரவுன் குழுவினர் ஜெர்மனிக்காக உருவாக்கிய வி-2 ராக்கெட்டை அப்படியே பின்பற்ற அவர் உடன்படவில்லை. வி-2இல் எரிபொருள் தொட்டிகள் தனியாகவும் அவற்றைச் சுற்றிய உறை தனியாகவும் இருந்தன. இந்த இரட்டைச் சுமையைத் தவிர்க்க, ராக்கெட்டின் உறையையே தொட்டியின் சுவராக்கினார். அடுத்த ஆண்டே அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஆயினும் மிச்சமிருந்த பணத்தைக் கொண்டு 1948-இல் மூன்று ராக்கெட்டுகளை ஏவிப் பார்த்தார்கள்; மூன்றுமே பாதியில் விழுந்தபோதிலும், எஞ்சினையே அசைத்துத் திசைதிருப்பும் அவருடைய முறை வேலை செய்தது. இந்த முறைகளே பின்னர் அட்லஸுக்கு அடிப்படையாயின.

கொதிகலன் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, அட்லஸின் உடல் இன்றும் வியப்பளிக்கிறது. ஏறத்தாழ மூன்று மீட்டர் விட்டமுள்ள அந்தத் தொட்டியின் எவர்சில்வர் தகடு, பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. உள்ளே தாங்கிப் பிடிக்கச் சட்டங்களும் கிடையாது. மூடி திறக்காத சோடா பாட்டிலை எவ்வளவு அழுத்தினாலும் நசுங்காமல் இருப்பதுபோல, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைத்திருந்தது. இதை நம்ப மறுத்த வான் பிரவுன் குழுப் பொறியாளர் ஒருவரிடம் சம்மட்டியைக் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொன்னார் போசார்ட். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எகிறித் திரும்பிய சம்மட்டி அடித்தவரையே பதம்பார்க்க இருந்தது. அழுத்தம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: 1963 மே மாதம் கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் ஏவுதளத்தில் நின்றிருந்த ஓர் அட்லஸ், அழுத்தம் இழந்து அப்படியே சரிந்தது.

அட்லஸ் அணுகுண்டைச் சுமக்கவே படைக்கப்பட்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதே ராக்கெட்தான் வெள்ளிக் கோளை நோக்கி மரைனர் 2 விண்கலத்தையும், செவ்வாயை நோக்கி மரைனர் 4 விண்கலத்தையும் கொண்டு சென்றது. வியாழனை முதலில் நெருங்கிய பயனியர் 10 விண்கலத்தை ஏவியதும் அட்லஸ்தான். அதன் மேலடுக்கான சென்டாரும் போசார்ட்டின் தொட்டி முறையிலேயே செய்யப்பட்டது.

போசார்ட் 1975-இல் காலமானார். பள்ளி மாணவர்கள் கத்தரித்துச் சேர்த்துவைக்கும் பக்கம் அது என்பதால், அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே அவர் பெயரைக் குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர்,
திருவெறும்பூர்