அந்த ஒரு கறுப்பு வயரைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் ரேடியோ, இன்வேர்ட்டர் என்று திருத்திக்கொடுத்தே பிழைக்கிறவன் நான். போன கிழமை அக்காவின் மகள் ஆர்டுயினோ ஊனோ என்கிற, நிரல் எழுதி விளக்கு, மோட்டார் எல்லாம் இயக்குகிற சின்னக் கணினிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "மாமா, இது செத்துப்போச்சா பாருங்கோ" என்றாள். வயர் பூட்டுகிற பின்களில் ஒன்பதாம் பின்னும் பத்தாம் பின்னும் போய்விட்டன, மற்றவை வேலை செய்கின்றன.

அவர்கள் வீடு வெல்லம்பிட்டியில். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்த இரவு அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. கானில் தண்ணீர் உயர்ந்தால் கூரையில் ஒரு விளக்கு பளிச் பளிச்சென்று மின்னி ஒழுங்கை முழுவதையும் எழுப்ப வேண்டும், அதுதான் அவள் செய்யப் பார்த்தது. அதற்காக 3 வாட் எல்.ஈ.டி. ஒன்றை வாங்கி, சின்னச் சிவப்பு எல்.ஈ.டி.யைப் பூட்டுகிற மாதிரியே நேராகப் பின்னில் பூட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் மங்கலாக எரிந்ததாம், அப்புறம் ஒன்றுமில்லை. அந்தப் பின் தாங்கக்கூடிய உச்ச அளவே 40 மில்லி அம்பியர், 20-ஐத் தாண்டாமல் இருப்பதுதான் நல்லது, இந்த விளக்கு முழு வெளிச்சத்தில் எரிய 700 வேண்டும். இதைப் பிள்ளைக்கு யாருமே சொல்லவில்லை.

பிறகு யாரோ, சின்ன வோல்ட்டைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிற சுவிட்ச் மாதிரியான மொஸ்ஃபெட் போடச் சொல்ல, புறக்கோட்டையில் ஒரு கடையில் கேட்டிருக்கிறாள், ஐஆர்எஃப்ஸெட்44என் கொடுத்தார்கள். அது முழுதாகத் திறக்க, கட்டளை வாங்குகிற கேட் என்ற காலில் 10 வோல்ட் அளவு வேண்டும், ஊனோ தருவதோ 5 வோல்ட். இந்தச் சின்ன விளக்குக்கு ஒருமாதிரிச் சமாளிக்கும், பெரிய விளக்கென்றால் சூடேறிவிடும். 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கிறது ஐஆர்எல்ஸெட்44என். பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், கடைக்காரர்கள் தயவுசெய்து எந்தப் பலகைக்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சரி, மொஸ்ஃபெட்டையும் போட்டு விளக்குக்குத் தனியாக 5 வோல்ட் 2 அம்பியர் அடப்டரும் கொடுத்த பிறகும் விளக்கு சொன்னபடி கேட்கவில்லை. என் மேசையில் வைத்துப் பார்த்தேன். கேட் வயருக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோனால் எரிகிறது, எடுத்தால் சிலவேளை அணைகிறது, சிலவேளை அணையவே இல்லை. அடப்டரின் கறுப்பு வயரும் ஆர்டுயினோவின் கிரவுண்ட் என்ற மைனஸ் பின்னும் எங்கேயும் ஒன்றுசேரவில்லை! பின் கொடுக்கிற 5 வோல்ட் எதிலிருந்து 5 வோல்ட் என்பது மொஸ்ஃபெட்டுக்குத் தெரிய வேண்டுமே. ஒரு துண்டு வயரால் இரண்டையும் இணைத்தேன், அந்த நிமிடமே ஒழுங்காக மின்னத் தொடங்கியது.

செய்யப்போகிற பிள்ளைகளுக்காக முழுவதையும் எழுதிவிடுகிறேன். அடப்டரின் சிவப்பிலிருந்து 2.7 ஓம், 3 வாட் தடையி ஊடாக எல்.ஈ.டி.யின் பிளஸ், அதன் மைனஸ் மொஸ்ஃபெட்டின் டிரெயின் என்ற காலுக்கு, சோர்ஸ் என்ற மற்றக் கால் கறுப்புக்கு, அந்தக் கறுப்பு ஆர்டுயினோவின் கிரவுண்டுக்கும். பின்னிலிருந்து 220 ஓம் ஊடாகக் கேட், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம், அது இல்லாவிட்டால் பலகை ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் விளக்கு தானாக எரியப் பார்க்கும். எல்.ஈ.டி.யை அலுமினிய ஹீட் சிங்கில் பேஸ்ட் பூசி ஒட்டியே ஆக வேண்டும், வெறுமனே எரியவிட்டால் சீக்கிரமே தொட முடியாத சூடு. 10 வாட், 20 வாட் என்று போனால் தடையியை நம்ப வேண்டாம், மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கிற எல்.ஈ.டி. டிரைவர் வாங்குங்கள்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013-இல் வந்தது. அதைத் தமிழில் படிக்கிற பிள்ளைகள் இப்படிக் காசு கொடுத்து வாங்கியதை எரித்துத்தான் பழக வேண்டுமா? உங்கள் மாணவர் பக்கத்தில் கிழமைக்கு ஒரு சுற்றுப்படம், தமிழ் விளக்கத்தோடு போடுங்கள். எழுதித்தர நான் தயார், சன்மானம் வேண்டாம். முதலாவது படத்தை மருமகளே வரைந்தாள், இத்துடன் இணைத்திருக்கிறேன். கறுப்பு வயரை மட்டும் பேனையால் இரண்டு தரம் அழுத்திக் கீறியிருக்கிறாள், அச்சிலும் அப்படியே வரட்டும்.

இப்படிக்கு,
மின்சாதனம் திருத்துபவர் ஒருவர்,
கொழும்பு 13