பகிர்ந்த லிங்க் ஏன் திறக்கவில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் கடைகளின் இணையதளங்களைப் புதிய அமைப்புக்கு மாற்றித் தந்தோம். பக்கங்கள் சட்டென்று மாறுகின்றன என்று பாராட்டியவர்களே அடுத்த வாரம் அழைத்துக் கடிந்துகொண்டீர்கள். கோபம் நியாயமானது. பிழை எங்களுடையது.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பட்டுப் புடவையின் பக்கத்தைத் திறந்து, லிங்க்கை வாட்ஸ்அப்பில் கல்யாண வீட்டாருக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் தட்டினால் '404', அதாவது அப்படியொரு பக்கம் இல்லை, என்று வந்திருக்கிறது. இவர் கைப்பேசியில் அதே புடவை நன்றாகவே தெரிகிறது. 'நீங்கள் சரியாகத் தட்டவில்லை' என்று இவரும், 'லிங்க்கே தப்பு' என்று அவர்களும் அரைமணி நேரம் வாதாடியிருக்கிறார்கள்.

பழைய தளத்தில் ஒவ்வொரு தட்டலுக்கும் உலாவி, தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் கணினியான சர்வரிடம் போய்ப் புதிய பக்கம் கேட்டு வாங்கி வரும். இப்போது, தளத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் முதல் வருகையிலேயே கைப்பேசிக்குள் இறங்கிவிடுகிறது. பட்டியலிலிருந்து புடவைக்கும், புடவையிலிருந்து கூடைக்கும் அழைத்துப்போவது அந்த நிரல்தான். முகவரிப் பட்டியில் '/பட்டு/14' என்று எழுதுவதும் அதுவே. 'புஷ்ஸ்டேட்' என்ற கட்டளை அதற்கு உதவுகிறது. இந்த மாற்றம் சர்வருக்குத் தெரியாது. லிங்க்கைப் பெற்றவரின் உலாவியோ நேரே சர்வரின் வாசலில் போய் நிற்கிறது. அங்கே 'பட்டு' என்ற கோப்புறையும் இல்லை, '14' என்ற கோப்பும் இல்லை. பாவம், சர்வர் உள்ளதைத்தான் சொன்னது.

முகவரியில் '#' சேர்த்து இதைத் தவிர்க்கலாம்; அந்தக் குறிக்குப் பின்னால் வருவதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ட்விட்டரே ஒருகாலத்தில் '#!' வைத்திருந்து 2012-இல் கைவிட்டது. அந்த ஒட்டுவேலை எங்களுக்கும் பிடிக்கவில்லை. கேட்ட முகவரியில் கோப்பு இல்லையென்றால் முகப்புக் கோப்பையே கொடு, மீதியை நிரல் பார்த்துக்கொள்ளும் என்று சர்வருக்குச் சொல்லிவிட்டோம். ஒரே வரி அமைப்பு. அதைத்தான் விட்டிருந்தோம். எங்கள் சோதனையெல்லாம் முகப்பிலிருந்து தட்டித் தட்டியே நடந்தது. நடுப்பக்கத்தில் நின்று ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. இல்லாத முகவரியைக் கேட்டாலும் சர்வர் இனி 'சரி' என்றே பதில் சொல்லும். விற்று எடுத்துவிட்ட பொருள்களின் வெற்றுப் பக்கங்கள் தேடுபொறியில் ஏறிவிடாமலிருக்க, அவற்றில் 'சேர்க்க வேண்டாம்' என்ற குறிப்பை வைத்திருக்கிறோம்.

அறுபதாவது புடவை வரை உருட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால் பட்டியலின் உச்சியில் விட்டுவிடுகிறது என்ற புகாரும் தீர்ந்தது. பட்டியல் வந்து சேருமுன்பே உலாவி பழைய இடத்தைத் தேடியதுதான் காரணம். இப்போது பட்டியலையும் விட்ட இடத்தையும் நிரலே நினைவில் வைத்துக்கொள்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. வாட்ஸ்அப்பில் எந்தப் பொருளின் லிங்க்கை அனுப்பினாலும் கடைச் சின்னமே படமாக வருகிறது. முன்னோட்டம் காட்டும்போது வாட்ஸ்அப் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. சர்வர் முதலில் தரும் கோப்பை மட்டுமே படிக்கிறது. பொருள் பக்கங்களைச் சர்வரிலேயே தயாரித்து அனுப்பும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அதுவரை லிங்க்குடன் புடவையின் படத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் இணையதளப் பணியாளர்கள்