மாணவர்கள் எடுக்கும் படங்களும் கைப்பேசியின் கோப்பு வடிவமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஒன்பதாம், பதினோராம் வகுப்பு மாணவர்கள் தாம் வாழும் பகுதியைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி, பள்ளியில் காட்சிக்கு வைக்க இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் சொல்லி அறிந்திருப்பீர்கள். காசிமேட்டு மீன் ஏலம், 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள், பழைய வண்ணாரப்பேட்டைக் கடைத்தெரு, திருவொற்றியூர்க் கோயில், எண்ணூர் முகத்துவாரம் எனப் படங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. பிள்ளைகளின் பார்வை என்னை வியக்க வைக்கிறது. ஆனால் அவற்றில் பல, அச்சிட முடியாத நிலையில் வந்து சேர்ந்துள்ளன. சில எங்கள் கணினியில் திறக்கவே இல்லை. படம் எடுத்த கையில் குறை ஏதுமில்லை. எந்த வடிவத்தில் சேமிக்கப்பட்டது, எந்த வழியாக அனுப்பப்பட்டது என்ற இரண்டில்தான் சிக்கல் இருக்கிறது. கைப்பேசி உங்களுடையது, அதன் அமைப்பை மாற்ற உங்கள் இசைவு வேண்டும் என்பதால் உங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான்: பள்ளிக்கான படங்களை ஜேபெக் (JPEG) என்ற கோப்பு வடிவத்தில் எடுக்கச் செய்யுங்கள்; எடுத்த மூலக்கோப்பை மாற்றாமல், சுருக்காமல் அனுப்பச் செய்யுங்கள்.

ஜேபெக் 1992-இல் தரநிலையாக வந்தது. இன்றைய கைப்பேசி, பழைய கணினி, தெருமுனை ஸ்டுடியோவின் அச்சு இயந்திரம் என எல்லாமே அதைத் திறக்கும் என்பதே அதன் பெரும் பலம். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழித்துவிட்டு, மீதத்தை மட்டும் எழுதிவைப்பது அதன் முறை. கழிக்கப்பட்டது மீண்டு வராது. முதல் முறை சேமிக்கும்போது இந்த இழப்பு பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் அதே படத்தை வெட்டிச் சேமித்து, பிறகு நிறம் கூட்டிச் சேமித்து, வேறொரு செயலியில் எழுத்துச் சேர்த்து மறுபடியும் சேமிக்கும்போது இழப்பு ஏறிக்கொண்டே போகிறது. படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் புள்ளிகள் தோன்றுவதும், விடியற்கால வானம் படிப்படியாகப் பட்டைகளாகப் பிரிவதும் இதனால்தான். படத்தைத் திறந்து பார்ப்பதால் மட்டும் எதுவும் குறைவதில்லை. மாற்றிச் சேமிப்பதுதான் குறைக்கிறது. ஆகவே திருத்தம் செய்ய விரும்பும் பிள்ளை, மூலப்படத்தைத் தொடாமல் ஒரு நகலில் செய்யட்டும்.

ஐபோன் வைத்திருக்கும் பெற்றோர் இங்கே சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2017-இல் வெளிவந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7-உம் அதற்குப் பிந்தையவையும் படங்களை இயல்பாக ஹெச்.இ.ஐ.சி. (HEIC) என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இந்த வசதி உண்டு. ஒரே தரத்தில் ஜேபெக்கைவிட ஏறத்தாழப் பாதி இடத்தையே எடுத்துக்கொள்ளும் நல்ல வடிவம் அது. குடும்பப் படங்களை உங்கள் கைப்பேசியிலேயே வைத்துப் பார்ப்பதற்கு அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விண்டோஸ் கணினிகள் பலவற்றில் கூடுதல் மென்பொருள் சேர்க்காமல் அது திறப்பதில்லை. பிறர் கையில் சேர வேண்டிய படத்துக்கு, எந்தக் கையிலும் திறக்கும் வடிவமே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஐபோனில் ‘செட்டிங்ஸ்’, ‘கேமரா’, ‘ஃபார்மட்ஸ்’ என்று சென்று ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தால் அதன்பின் எடுப்பவை ஜேபெக்காக அமையும். முன்பு எடுத்தவை அப்படியே இருக்கும் என்பதால், படமெடுக்கப் புறப்படும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் திருத்திவிட்டால் வடிவம் மாறிவிடாது. இதைப் பல பிள்ளைகள் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது அனுப்பும் வழி. இதுதான் எங்களுக்கு மிகுதியான வருத்தம் தருவது. 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படத்தில் 4000-க்கு 3000 என்ற கணக்கில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஏ4 தாளில் முழுப் பக்கமாகத் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் தேவை. அதே படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் புகைப்படமாக அனுப்பும்போது, விரைவாகச் செல்வதற்காக அது படத்தின் அளவைச் சுருக்கி, நுண்விவரங்களை மறுபடியும் கழித்துவிடுகிறது. 1600-க்கு 1200 என்ற அளவில் வந்து சேரும் படத்தில் எஞ்சுவது 19 லட்சம் புள்ளிகள்தாம். திரையில் பார்க்க அது போதும், சுவரில் மாட்ட ஒருபோதும் போதாது. ஒரு மாணவி எடுத்த, வலை பின்னும் விரல்களின் படம் அப்படித்தான் வந்தது. நூலின் முறுக்கு இருந்த இடத்தில் வெறும் சாம்பல் பூச்சு. எனவே, இணைப்புக் குறியை அழுத்தி, ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு எடுத்தபடியே வரும். ஹெச்.இ.ஐ.சி. கோப்பும் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும் என்பதால்தான் கேமரா அமைப்பை முதலில் மாற்றச் சொன்னேன்.

மூலக்கோப்பு அப்படியே வருவதில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. படம் எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியவற்றோடு, இடக்குறிப்பு (லொகேஷன்) இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் கோப்புக்குள் பதிவாகிவிடும். ராயபுரம் நிலையத்தின் இருப்பிடம் தெரிவதில் தீங்கில்லை. உங்கள் வீட்டு மாடியிலிருந்து மகள் எடுத்த படத்தில் வீட்டின் இருப்பிடம் தெரிவது வேறு. கேமராவுக்கான இட அனுமதியை நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். இதை நான் வேண்டுகோளாக அன்றி, பள்ளியின் விதியாகவே வைக்கிறேன்.

கைப்பேசியில் வரைந்த தெருவரைபடம், திரைப்பிடிப்பு, எழுத்து மிகுந்த விளக்கப்படம் ஆகியவை பி.என்.ஜி. (PNG) என்ற வடிவில் இருக்கட்டும். அது எதையும் கழிக்காமல் சேமிப்பதால் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். புகைப்படத்துக்கு அது வேண்டாம். கோப்பு பல மடங்கு பெருகுமே தவிர, ஜேபெக்கில் இழந்தது திரும்பாது.

‘ரா’ (RAW) வடிவம் பற்றிச் சில மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். கேமராவுக்குள் ஒளியை உணரும் பகுதியான உணரி பதிவுசெய்ததைப் பெருமளவு பதப்படுத்தாமல் தருவது அது. ஜேபெக்கில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. ரா கோப்பில் ஆயிரத்துக்கும் மேல். துறைமுகத்தில் சூரியன் எழும் நேரத்தில் வானம் கண்கூசும், படகின் அடிப்பகுதி இருண்டிருக்கும். அப்படிப்பட்ட காட்சியில் இருளிலிருந்து விவரத்தை மீட்க அது உதவும். ஆனால் 12 மெகாபிக்சல் படம் ஒன்றே 25 மெகாபைட்டைத் தொடலாம். கணினியில் அமர்ந்து பொறுமையாகத் திருத்தினாலன்றி அது மங்கலாகவே தெரியும். வீட்டில் கணினி இருந்து, அதைக் கற்கும் விருப்பமும் உள்ள பதினோராம் வகுப்பு மாணவர் முயலட்டும். அப்போதும் ராவோடு ஜேபெக்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் நேரத்தை ஒளியையும் கோணத்தையும் கவனிப்பதில் செலவிடுவதே மேல் என்று கருதுகிறேன்.

காட்சிக்கு அப்பாலும் இது பயன்படும். உயர்கல்விக்கும் தேர்வுகளுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, ஒளிப்படத்தையும் கையொப்பத்தையும் குறிப்பிட்ட கிலோபைட்டுக்குள் ஜேபெக்காகக் கேட்கிறார்கள். பெரிய மூலப்படத்திலிருந்து அவ்வப்போது சிறிய நகல் எடுத்துக்கொள்ளலாம். சிறியதிலிருந்து பெரியதை எடுக்க வழியில்லை. ஆகவே நகல் எடுத்தபின் மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

விசைப்படகில் கடலுக்குச் செல்லும் தந்தையரின் கைப்பேசி பல நாள் வீட்டில் இருப்பதில்லை என்பதை அறிவேன். கைப்பேசியில் இடம் போதாமல் கரையிலேயே படங்கள் அழிக்கப்படுவதும் உண்டு. புறப்படும் முன் பிள்ளையின் படங்களை மட்டும் அனுப்பிவிட்டுச் செல்லுங்கள். டேட்டா போதாதவர்களும், இந்த அமைப்புகளை மாற்றத் தெரியாதவர்களும் சனிக்கிழமை காலையில் கைப்பேசியோடும் அதன் கேபிளோடும் பள்ளிக் கணினி அறைக்கு வாருங்கள். கணினி ஆசிரியர் உங்கள் முன்னிலையில், பிள்ளை காட்டும் படங்களை மட்டும் நகலெடுத்துக்கொள்வார், வேறெதையும் திறக்கமாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்
ராயபுரம், சென்னை